அம்பாசடர் காரின் கூரையும் ஏழு வாரத் தாமதமும்

(நம் அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

இன்று நாங்கள் பேச எழுந்திருப்பது ஒரு காரின் கூரையைப் பற்றி. சிரிக்க வேண்டாம். போன ஜூன், ஜூலை மாதங்களில் ஏழு வாரம் நம் அறக்கட்டளையின் அம்பாசடர் ஓடவில்லை. டயாலிசிஸுக்குப் போகிற மூன்று பேர் வாரம் இரண்டு தடவை பஸ்ஸிலும் ஆட்டோவிலும் அலைந்தார்கள். "ஒரு டாப்புக்கு ரெக்சின் ஒட்ட ஏழு வாரமா?" என்று ஜூலை மாதக் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து கேட்டார். கேட்டது நியாயம். மழைக்காலம் முடியட்டும், செய்த வேலை நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறோம் என்று அன்று தவணை வாங்கினோம். மழை முடிந்துவிட்டது. இனித் தள்ளிப்போட எங்களுக்கு முகாந்திரம் இல்லை.

அந்தக் கார் நமக்கு வந்த விதம் உங்களில் பலருக்குத் தெரியும். வெளிநாட்டில் குடியேறிவிட்ட ஒரு குடும்பம், வாப்பாவின் நினைவாக அதை நமக்குக் கொடுத்தது. 1994 மாடல். என்ஜின் நல்ல நிலை. மேலே கருப்பு ரெக்சின் ஒட்டிய கூரை; ஓரங்களில் வெள்ளி நிற பீடிங். கம்பீரமாகத்தான் இருந்தது. நாங்களும் வந்த நாள் முதல் அந்தக் கூரையைத் துடைத்தோம், மெழுகு போட்டோம், அதன் அடியில் என்ன இருக்கிறது என்று மட்டும் யோசிக்கவில்லை.

முந்தின ஆண்டு அக்டோபர் மழையில்தான் முதலில் ஒழுகியது. பின்சீட்டில் படுத்துக்கொண்டு வந்த ஒரு பெரியவரின் போர்வை நனைந்து, இறங்கும்போது அவர் நடுங்கினார். டயாலிசிஸ் முடிந்து வருகிற உடம்பு, குளிர் தாங்காது. பின்கண்ணாடி பீடிங்தான் காரணம் என்று நினைத்து சிலிகான் வைத்தோம். மறுபடி ஒழுகியது. பீடிங்கையே மாற்றினோம். மறுபடியும் ஒழுகியது. மூன்றாவது தடவை வண்டியின் உள் லைனிங் துணியைக் கழற்றிப் பார்த்த ஓட்டுநர், ஒரு ஸ்குரூ டிரைவரால் தகரத்தை லேசாகத் தட்டினார். அது உள்ளே போய்விட்டது. தகரமே இல்லை, ரெக்சின்தான் அதைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

இந்த ரெக்சின் கூரை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இது நம் மழைக்கும் வெயிலுக்கும் யாரும் யோசித்துச் செய்த பொருள் அல்ல. அமெரிக்காவில் துணிக்கூரையை மடித்துவிட்டு ஓட்டும் கார்கள் பணக்காரர்களின் அடையாளம். அந்தத் துணிக்கூரையின் தோற்றம் மட்டும் வேண்டும், ஆனால் மடிக்க வேண்டாம் என்பவர்களுக்காக இரும்புக் கூரையின் மேல் வினைல் ஒட்டி விற்றார்கள். 1962-ல் ஃபோர்டு கம்பெனி தண்டர்பேர்டு காரில் லாண்டோ என்ற வகையை அப்படி இறக்கியது. எழுபதுகளில் அங்கே அது பெருமோகம். 1969-ல் பிளைமவுத் கம்பெனி பூப்போட்ட வினைல் கூரையோடுகூடக் கார் விற்றது. மேஜை விரிப்பைக் காரின் தலையில் போட்டதுபோல இருக்கும். அந்த மோகம் இங்கேயும் வந்தது. அம்பாசடரும் ஃபியட்டும் வைத்திருந்த வசதியான வீடுகளில் குஷன் கடைக்கு வண்டியை விட்டுக் கருப்பு ரெக்சின் ஒட்டிக்கொள்வது ஒரு காலத்தில் கௌரவம். நமக்கு வந்த வண்டியும் அந்த வகைதான்.

சென்ற ஜூன் முதல் வாரத்தில் அந்த ரெக்சினை உரித்தோம். பார்த்தவர்கள் இங்கே நாலைந்து பேர் இருக்கிறீர்கள். நடுப்பகுதி பரவாயில்லை, பழுப்பேறிய பசையும் மேலாகக் கொஞ்சம் துருவும்தான். பின்கண்ணாடிக்கு மேலே ஒரு சாண் அகலத்துக்கும், இரண்டு பக்கத் தூவானக் கால்வாயை ஒட்டியும் தகரம் அப்பளம்போல உதிர்ந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டோம். வினைல் மெதுவாக இருப்பதற்காக அதில் ஒரு வகை எண்ணெய்ப் பொருளைச் சேர்த்திருப்பார்கள். வெயிலில் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். அப்போது ரெக்சின் விறைத்துச் சுருங்கும், தையல் ஓரங்களில் வெடிக்கும். மழைத் தண்ணீர் அந்த வெடிப்பு வழியே உள்ளே போகும், ஆனால் வெளியே வர வழி இருக்காது. அடியில் பஞ்சு வைத்திருந்தால் அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். பீடிங் பிடிப்பதற்காகத் தகரத்தில் போட்ட துளைகள் வேறு. நம் ஊரிலோ கடல் காற்று. ஈரத்தோடு உப்பும் சேர்ந்தால் இரும்புக்கு வேறு சத்துரு வேண்டாம். அமெரிக்காவில் பல கார்களில் வினைல் மூடத்தானே போகிறது என்று அடித் தகரத்துக்கு முழு பெயிண்டும் அடிக்காமல் விட்டார்களாம். அங்கேயும் பின்கண்ணாடியின் அடிவிளிம்பும் ஓரங்களும்தான் முதலில் துருப்பிடித்தன. வெளியே பளபளப்பு, உள்ளே அரிப்பு. வெளியே கொப்பளம் தெரிகிற நாளில் உள்ளே வேலை முடிந்திருக்கும்.

சரி, உரித்தாயிற்று. இனி என்ன செய்வது? குஷன் கடைக்காரர் புது ரெக்சின் ஒட்டித் தருகிறேன் என்றார். ஒரே நாள் வேலை, மலிவு. அந்த ஒரு நாள் வேலையைத்தான் அந்தத் தாய் மனதில் வைத்துக் கேட்டார். துருவின் மேல் புது ரெக்சின் ஒட்டினால் இரண்டு மழைக்குத் தெரியாது. மூன்றாவது மழையில் வேறொரு நோயாளியின் போர்வை நனையும். நிர்வாகக் குழுவில் அதை ஒரே மனதாக வேண்டாம் என்றோம்.

அப்போதுதான் சபுரிலிருந்து திரும்பி வந்து இங்கே மீன் ஏற்றும் பிக்கப் வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். "காக்கா, நம்ம வண்டிக்குப் பின்னாடி அடிச்சிருக்கிற லைனரை டாப்புக்கு அடிச்சிருங்க. ஆயுசுக்கும் ஒழுகாது." அவர் வண்டியைப் போய்ப் பார்த்தோம். ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீரும் மீன் பெட்டிகளின் இடியும் நாள்தோறும் படுகிற இடம். தார் ரோட்டைப் போலச் சொரசொரப்பாகக் கருப்புப் பூச்சு, ஒரு கீறல் இல்லை. உண்மையிலேயே அசந்துபோனோம்.

அந்தப் பூச்சும் அமெரிக்காவில் பிக்கப் வண்டிகளுக்காகப் பரவியதுதான். முன்பு அந்த வண்டிகளின் பின்பகுதியில் வார்த்தெடுத்த பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைப் பதித்து வைப்பார்கள். அதற்கும் தகரத்துக்கும் நடுவே தண்ணீரும் மணலும் தங்கித் துருப்பிடித்தது. நம் ரெக்சின் கதையேதான். அதற்கு மாற்றாக, இடைவெளியே இல்லாமல் தகரத்தோடு ஒட்டிக்கொள்கிற மாதிரி பாலியூரித்தேன், பாலியூரியா என்ற பொருள்களைத் தெளிக்கிற முறை வந்தது. ரைனோ லைனிங்ஸ், லைன்-எக்ஸ் போன்ற பெயர்கள் அதில் பிரபலம். இரண்டு திரவங்கள் உண்டு. அவை தனித்தனியாக இருக்கும்வரை திரவம். துப்பாக்கியின் வாயில் சேர்ந்தவுடன் இறுகத் தொடங்கும். பெரிய இயந்திரத்தில் அறுபது டிகிரிக்கு மேல் சூடாக்கி உயர் அழுத்தத்தில் தெளித்தால் சில வினாடிகளிலேயே இறுகிவிடும். சிறு பட்டறைகளுக்கென்று பாட்டிலில் வருவதும் இருக்கிறது: ஹார்டனரை ஊற்றிக் குலுக்கி, கம்ப்ரஸரில் ஒரு துப்பாக்கியைப் பொருத்தி அடிப்பது. பழைய கார் வைத்திருக்கிற சிலர் அங்கே வினைல் கூரைக்குப் பதில் இதை அடித்துக்கொள்வதும் உண்டு. அந்தச் சொரசொரப்பு எட்ட நின்று பார்க்க வினைலைப் போலவே தெரியும்.

லோடு வண்டியின் பின்பகுதிக்குச் சரியானது கார் கூரைக்கும் சரியாகுமா என்று விசாரித்தபோது மூன்று விஷயங்கள் தெரிந்தன. முதலாவது வெயில். பிக்கப்பில் அடிக்கும் வகை பெரும்பாலும் வெயில் பட்டால் நிறம் மங்கி, மேலே பொடி பூக்கும். கருப்பாக இருப்பதாலும் சரக்கு மூடுவதாலும் அங்கே அது யார் கண்ணிலும் படாது. கூரை முழு நாளும் சூரியனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. அதனால் வெயிலைத் தாங்கும் வேறு ரகம் வேண்டும், அல்லது மேலே தனியாக ஒரு பூச்சு வேண்டும். இரண்டாவது நிறம். நம் வண்டியில் ஏ.சி. கிடையாது. கருப்புக் கூரையின் கீழே மதியம் இரண்டு மணிக்கு மருத்துவமனையிலிருந்து வருவது எப்படியென்று அதில் வந்தவர்களைக் கேளுங்கள். வெள்ளை கேட்டு வாங்க முடியும் என்று தெரிந்ததும் பாதி முடிவு ஆகிவிட்டது. நிறம் மாறினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டியிருக்கும்; அதை முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொண்டோம். மூன்றாவது விஷயம்தான் முக்கியமானது: இதை அடித்தால் அடித்ததுதான். ரெக்சினை ஒரு நாளில் உரித்துவிடலாம். இதை எடுக்க வேண்டுமானால் கூரையையே தேய்த்துத் தீர்க்க வேண்டும். துருவின் மேல் அடித்தால் துருவையும் சேர்த்துப் பூட்டிவைத்ததாக ஆகும்.

ஆகவே முதலில் டிங்கரிங். உதிர்ந்த தகரத்தை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய, நம் ஊரிலேயே கைதேர்ந்தவர் இருக்கிறார். இரண்டு வாரம் அதிலேயே போயிற்று. அவர் மேலே மேலே பட்டி பூசி மறைக்காமல் வெட்ட வேண்டிய இடத்தை வெட்டினார். அவருக்கு இந்தச் சபையில் நன்றி சொல்லிக்கொள்கிறோம்.

அடுத்த பகுதியைச் சொல்ல எங்களுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. ஆனால் ஏழு வாரத்தில் பெரும்பங்கு அதனால்தான் போனது.

தெளிக்கும் வேலைக்குப் பக்கத்து ஊரில் ஒரு பெயிண்டிங் பட்டறையைப் பிடித்தோம். கூலி குறைவு. பாட்டில் வகையை வாங்கிக் கொடுத்தால் அடித்துத் தருகிறோம் என்றார்கள். எந்த மாதிரி வருகிறது என்று பார்க்க ஒரு பழைய கதவில் முதலில் அடித்துக் காட்டச் சொன்னோம். அடித்தது நம் தெருப் பையன், இருபது வயதுகூட நிரம்பாதவன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடித்தான். நாங்களும் நாலு பேர் அதே அறையில் நின்று வேடிக்கை பார்த்தோம். பூச்சு அழகாக விழுந்தது. பையனின் கையைக் குலுக்கி விட்டு வந்தோம்.

அன்று இஷாவுக்குப் பிறகு அவன் உம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். "புள்ளைக்கு மூச்சு இழுக்குது. நெஞ்சுல கல்லை வச்ச மாதிரி இருக்குன்றான்" என்றார். அதே அம்பாசடர் ஓடியிருந்தால் அதிலேயே கொண்டுபோயிருப்போம். கிடைத்த ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குப் போனோம். ஊசி போட்டு, மூச்சில் மருந்து வைத்து, விடியும்போது சரியானது. "என்ன வேலை பார்க்கிறாய்?" என்று மருத்துவர் கேட்டார். சொன்னான். "இதற்கு முன்னாலும் இருமல் உண்டா?" என்றார். பெயிண்ட் அடிக்கிற நாட்களில் இரவில் இருமும் என்றும், லீவு நாளில் இருக்காது என்றும் அப்போதுதான் சொன்னான். எட்டு மாதமாகவாம். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த மருத்துவர்தான் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். இந்த லைனரின் இரண்டு திரவங்களில் ஒன்றில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. பெயர் உங்களுக்குப் புதிதல்ல. 1984 டிசம்பரில் போபாலில் கசிந்த வாயு மெத்தில் ஐசோசயனேட். லைனரில் இருப்பது அதுவல்ல, அவ்வளவு எளிதில் ஆவியாகிறதும் அல்ல, பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் குடும்பம் ஒன்று. பாட்டிலில் மூடியிருக்கும்வரை தொந்தரவு இல்லை. துப்பாக்கியில் தெளிக்கும்போது பனிபோலக் காற்றில் மிதந்து நெஞ்சுக்குள் போகிறது. தோலில் பட்டாலும் கெடுதல். சிலருடைய உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிடும். ஒரு தடவை திரும்பிவிட்டால் அதன் பிறகு மிகச் சிறிய அளவு பட்டால்கூட மூச்சிரைப்பு வரும். யாருக்குத் திரும்பும், எத்தனை மாதத்தில் திரும்பும் என்று முன்னால் சொல்ல முடியாது. கெடுதல் செய்கிற அளவுக்கு இருந்தாலும் மூக்குக்கு வாசனை தெரியாமல் போகலாம். அதனால் "நாற்றம் இல்லையே" என்பது பாதுகாப்புக்கு அடையாளம் அல்ல.

இது யாரோ ஒருவரின் அபிப்பிராயம் அல்ல. அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ், 2006-ல் இந்த லைனர் தெளிக்கும் வேலைக்கென்றே ஓர் எச்சரிக்கை நூல் வெளியிட்டிருக்கிறது. அதன் தலைப்பிலேயே ஆஸ்துமா என்ற சொல்லும் மரணம் என்ற சொல்லும் இருக்கின்றன. இந்த வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் ஆஸ்துமா தாக்கி இறந்துபோனதை அதில் விவரித்திருக்கிறார்கள். நாங்கள் பிக்கப் சகோதரரின் வண்டியை மூன்று முறை போய்ப் பார்த்தோம். விலை விசாரித்தோம், வெயில் தாங்குமா என்று விசாரித்தோம், ஆர்.சி. விசாரித்தோம். அடிக்கிறவனுக்கு என்ன ஆகும் என்று மட்டும் ஒருவரும் விசாரிக்கவில்லை. நோயாளியை நனையாமல் கொண்டுபோக வேண்டும் என்று கிளம்பி, நம் தெருவில் இன்னொரு நோயாளியை உண்டாக்கப் பார்த்தோம். அதற்கு நிர்வாகக் குழுவின் சார்பில் அந்த உம்மாவிடம் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். இங்கே எல்லோர் முன்னிலையிலும் மறுபடி கேட்டுக்கொள்கிறோம்.

மறுநாளே அந்தப் பட்டறையில் வேலையை நிறுத்தினோம். உரிமையாளர் கெட்டவர் அல்ல. "இருபது வருஷமா நானும் கைக்குட்டையோடதான் அடிக்கிறேன்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே இருமல் வந்தது. வாங்கிய முன்பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். மீதிப் பாதி நமக்கு நஷ்டம். கணக்கில் அப்படியே எழுதியிருக்கிறோம். கேட்டுவிடுங்கள் என்பதற்காக இதையும் சொல்லிவிடுகிறோம்: இந்த வண்டிச் செலவு எதுவும் ஜகாத் கணக்கிலிருந்து எடுக்கப்படவில்லை, வாகனத்துக்கென்று வந்த நன்கொடையிலிருந்துதான்.

பிறகு முறையாகத் தெளிக்கிற இடம் தேடினோம். நாலு இடத்தில் ஒரே கேள்வியைக் கேட்டோம்: "அடிக்கிறவர் எதைப் போட்டுக்கொண்டு அடிப்பார்?" இரண்டு இடத்தில் சிரித்தார்கள். ஓர் இடத்தில் மருந்துக்கடை முகக்கவசத்தைக் காட்டினார்கள். கடைசியாக மதுரையில், லாரி, பிக்கப் வேலை செய்யும் ஓர் இடத்தில், முகம் முழுக்க மூடும் கவசத்தையும், வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் கொண்டுவரும் தனி பம்பையும் காட்டினார்கள். பெயிண்ட் அடிக்கும் கம்ப்ரஸர் காற்றை அப்படியே மூச்சுக்குக் கொடுக்கக் கூடாது, அதில் எண்ணெய் வரும் என்று அவர்களே சொன்னார்கள். வடிகட்டி மாட்டிய மூகமூடியும் இந்த வேலைக்குப் போதாது, அது எப்போது தீர்ந்தது என்று போட்டிருப்பவருக்குத் தெரியாது என்றார்கள். தனி அறை, புகை இழுக்கும் மின்விசிறி, கை கால் மூடிய உடை. கூலி முதல் பட்டறையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அவர்களிடம் முறை வருவதற்கு மூன்று வாரம் ஆகும் என்றார்கள். காத்திருந்தோம். நீங்களும் எங்களோடு சேர்ந்து காத்திருந்தீர்கள், காரணம் தெரியாமல்.

அந்த மூன்று வாரமும் பஸ்ஸில் போனவர்களுக்கு ஆட்டோ கூலியாவது கொடுத்திருக்கலாம். கடைசி வாரத்தில்தான் எங்களுக்கு அது தோன்றியது. அதுவும் எங்கள் குறைதான்.

மதுரையில் வேலை நடந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பழைய பசையை ஒரு பொட்டுகூட விடாமல் எடுத்தார்கள். பளிச்சென்று வெள்ளித் தகரம் தெரியும்வரை தேய்த்து, எபாக்சி பிரைமர் அடித்தார்கள். கால்வாய் ஓர இணைப்புகளில் சீலர் வைத்தார்கள். பீடிங்குக்காகப் போட்டிருந்த பழைய துளைகளை வெல்டிங் வைத்து அடைத்தார்கள். கண்ணாடிகளைக் கழற்றிவிட்டே தெளித்தார்கள். கண்ணாடியை வைத்துக்கொண்டே சுற்றி ஓட்டினால் பூச்சின் விளிம்பு அங்கேதான் முதலில் தூக்கும் என்றார்கள். கூரைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு போதும், லோடு வண்டிபோலத் தடிமன் வேண்டாம் என்றார்கள். மேலே வெயில் தாங்கும் வெள்ளைப் பூச்சு. முழுக்க இறுகட்டும் என்று ஒரு வாரம் வைத்திருந்து கொடுத்தார்கள். இறுகி முடிந்த பூச்சினால் உள்ளே உட்காருகிறவர்களுக்குக் கெடுதல் இல்லை. அதைப் பிற்பாடு வெல்டிங் வைத்துச் சூடாக்கினால் மறுபடி அந்த வாயு வரும் என்பதை மட்டும் நினைவில் வைக்கச் சொன்னார்கள். வண்டியின் டேஷ்போர்டில் அதை எழுதி ஒட்டியிருக்கிறோம், நாளைக்கு எந்த வெல்டர் கைக்கு வண்டி போகுமோ தெரியாது.

மழைக்காலம் முழுவதும் வண்டி ஓடியது. அல்ஹம்துலில்லாஹ், ஒரு சொட்டு ஒழுகவில்லை. மதியத்தில் உள்ளே வெக்கை குறைந்திருக்கிறது என்று அதில் வருகிறவர்களே சொல்கிறார்கள். குறை இல்லாமலும் இல்லை. சொரசொரப்பில் தூசி தங்குகிறது. வெள்ளை என்பதால் நன்றாகத் தெரிகிறது. பிரஷ் போட்டுத்தான் கழுவ வேண்டியிருக்கிறது, ஓட்டுநர் முணுமுணுக்கிறார். இடப்பக்கக் கால்வாயின் பின்மூலையில் நகக்கண் அளவுக்கு விளிம்பு தூக்கியிருக்கிறது. தண்ணீர் உள்ளே போவதற்குள் சரிசெய்ய அடுத்த மாதம் மதுரைக்கு அனுப்புகிறோம், ஒரே நாள், டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து.

எங்களைப் பார்த்து இப்போது இரண்டு மூன்று பேர் தங்கள் வண்டிக்கும் அடிக்கலாமா என்று கேட்கிறார்கள். தகரம் நன்றாக இருந்தால் எதற்கு? சாதாரண வெள்ளைப் பெயிண்டே போதும், செலவும் மிச்சம். கூரையில் ஏணி, வலை, சாமான் ஏற்றுகிறவர்களுக்கு லைனர் பிரயோஜனம்தான். பழைய ரெக்சின் கூரை வைத்திருப்பவர்கள் அழகு போகிறதே என்று பார்க்காமல், பின்கண்ணாடிக்கு மேலே விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனாலோ, மொறுமொறுவென்று சத்தம் வந்தாலோ மழைக்கு முன்னால் உரித்துவிடுங்கள். ரெக்சினின் மேலேயே லைனர் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். கடையில் வாங்கி நீங்களே வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அடிக்கவும் வேண்டாம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ரசாயனம் லைனரில் மட்டும் இல்லை. பட்டறைகளில் தினமும் அடிக்கிற டூ-கே பெயிண்டின் ஹார்டனரிலும் இருக்கிறது. நம் பிள்ளைகள் எத்தனை பேர் பெயிண்டிங் பட்டறைக்குப் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வேலை நாளின் இரவில் இருமலும் இழுப்பும், லீவு நாளில் சுகம் என்று இருந்தால் அதைத் தூசி என்று விட்டுவிடாதீர்கள். என்ன வேலை பார்க்கிறான் என்பதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். எல்லோரும் கேட்க மாட்டார்கள். பட்டறை வைத்திருக்கும் சகோதரர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து காற்றுக் குழாய்க் கவசம் ஒன்று வாங்கிக்கொள்ள முன்வந்தால், முதல் கவசத்துக்கு வாகன நிதியில் மிச்சம் இருப்பதிலிருந்து கடனாகக் கொடுக்க நிர்வாகக் குழு சம்மதித்திருக்கிறது. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் அலுவலகத்துக்கு வாருங்கள். உரித்த ரெக்சினும் வெட்டிய தகரமும் அங்கே மேஜை மேல் வைத்திருக்கிறோம், கையில் எடுத்துப் பார்க்கலாம், விரலை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையன் இப்போது பெயிண்ட் வேலையை விட்டுவிட்டான். நம் டிங்கர் காக்காவிடம் வெல்டிங் பழகுகிறான். மூச்சை ஊதிப் பார்க்கும் சோதனைக்கு வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். டயாலிசிஸுக்குப் போகிறவர்களோடு அவனும் அதே வண்டியில் முன்சீட்டில் போகிறான். துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.